நரம்பு இருக்கிறது

மருந்துக்கடைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவே இருந்தது ரத்தம் எடுக்கும் அறை. இரண்டு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் கை நீட்டி வைக்க ஒரு பலகை, சுவரில் டோக்கன் எண்ணைச் சிவப்பில் காட்டும் பெட்டி. ஜன்னலோர நாற்காலியைப் பதினொரு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இன்னொரு நாற்காலி 'மீசை'யினுடையது. அவனுக்கு மீசை கிடையாது. வேலைக்குச் சேரும்போது இருந்ததைக் கல்யாணத்துக்கு முதல் நாள் எடுத்துவிட்டான். பெயரை மட்டும் அவனால் எடுக்க முடியவில்லை.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஒரேகுத்து.' ரப்பர் பட்டையைக் கட்டுவாள், முழங்கை மடிப்பில் விரலை வைத்து மெல்லத் தேடுவாள், "லேசா ஒரு எறும்புக்கடி" என்பாள். நோயாளி முகத்தைச் சுளிப்பதற்குள் ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருக்கும். மாடி வார்டுகளிலிருந்தே, "உங்க ஒரேகுத்த கொஞ்சம் அனுப்புங்க" என்று போன் வரும். அவள் அதைப் பெருமையாக எண்ணியதில்லை. நடக்கத் தெரிந்தவர் நடப்பதைப் பற்றி யோசிப்பதில்லை அல்லவா, அதுபோல.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். ஒன்றேகால் வயது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தது. வலது கையில் பார்த்தாள், கிடைக்கவில்லை. இடது கையில் ஊசி உள்ளே போனது, ரத்தம் வரவில்லை. புறங்கையில் மூன்றாவது தடவை குத்தியபோது குழந்தைக்கு எங்கிருந்தோ குரல் வந்து வீறிட்டது. அவள் ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தினாள். குழந்தையின் அம்மா கத்தவில்லை. மிகவும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"தெரியாதுன்னா முதல்லயே சொல்லிருக்கலாமே."

மீசை வந்து, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரே தடவையில் எடுத்துக் கொடுத்தான்.

"உடம்புல தண்ணி இல்லாத கொழந்தக்கா. நரம்பெல்லாம் சுருங்கிப் போயிருக்கும். நான் முதல்ல பார்த்திருந்தா எனக்கும் மூணு தடவ ஆயிருக்கும்" என்றான் பிறகு.

அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிவது ஓர் இடத்திலும் உறைப்பது வேறோர் இடத்திலும் நடந்தன. அந்த அம்மா கத்தியிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை பேசியிருப்பாள், அதோடு போயிருக்கும். மெதுவாகச் சொன்ன சொல் மெதுவாக உள்ளே இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ஒரு பருத்த மனிதரின் கையில் தவறியது. அதற்கடுத்த நாள் இரண்டு பேர். பதினொரு வருடத்திலும் அவ்வப்போது தவறியிருக்கிறது, எண்ணி வைத்ததில்லை. இப்போது எண்ணத் தொடங்கினாள். சரியாக எடுத்த நாற்பது பேர் அவள் வீட்டுக்குப் போவதற்குள் நினைவிலிருந்து போய்விட்டார்கள். தவறிய இருவர் பஸ்ஸில் கூடவே ஏறி வந்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஊசியின் மூடியைக் கழற்றும்போதே விரல் லேசாக நடுங்கியது. டோக்கன் பெட்டியில் எண் மாறும்போதெல்லாம், வருவது குழந்தையாக இருந்துவிடக் கூடாதே என்று வாசலைப் பார்த்தாள். குழந்தையாக இருந்தால், "இத நீ பாரேன், எனக்கு ஃபைல் வேலை இருக்கு" என்று மீசையிடம் தள்ளிவிட்டாள். அவளுக்கு எந்த ஃபைலும் கிடையாது. அலமாரியைத் திறந்து, காலிக் குழாய்களின் மூடிகளை நிறவாரியாக அடுக்கினாள். ஏற்கனவே அடுக்கியிருந்தவற்றைத்தான்.

மீசை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்கு அவமானமாக இருந்தது.

சந்தேகம் ஒரு வேலையோடு நிற்கிற ஜாதி அல்ல. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவள் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். அடுப்பை அணைத்தேனா என்று மகளுக்குப் போன் போட்டாள்.

"நீதானம்மா அணைச்ச. நான் பார்த்துட்டுதான் இருந்தேன்" என்றாள் மகள். அவள் பத்தாவது படிக்கிறாள்.

"நல்லா பார்த்தியா?"

"போட்டோ எடுத்து அனுப்பவா?"

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பயந்து நடுங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே இருபது வருடத்தை ஓட்டியவர். "ஒண்ணும் ஆகாது, மெதுவா கிளட்ச்ச விடுங்க" என்ற வாக்கியத்தைத் தூக்கத்திலும் சொல்வார். மனைவியின் முகம் வாடியிருப்பதைக் கண்டு விசாரித்தார். சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, மறுநாள் குளியலறைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். 'என்னால் முடியும். நான் திறமைசாலி. இன்று எல்லாம் நல்லபடியாக நடக்கும்.'

"தினமும் காலைல பத்து தடவ சொல்லு. என்கிட்ட வர்றவங்களுக்கெல்லாம் இதத்தான் சொல்றேன்."

"அவங்கெல்லாம் ஓட்டிடறாங்களா?"

"முக்கால்வாசிப் பேர்."

"மீதி?"

"மீதிப் பேருக்கு ஆட்டோ இருக்கு."

சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் அவர் சொன்னதைச் செய்தும் பார்த்தாள். கண்ணாடிமுன் நின்று, "நான் திறமைசாலி" என்றாள். உள்ளேயிருந்து உடனே ஒரு குரல், 'அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட போய்ச் சொல்லு' என்றது. மறுபடி சொன்னாள். குரலும் மறுபடி பதில் சொன்னது. பத்து தடவை சொல்லி முடித்தபோது, தினமும் காலையில் பத்து தடவை தோற்றுவிட்டு வேலைக்குக் கிளம்புவது போலிருந்தது. ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டாள். கணவர் மனம் கோணக் கூடாதென்று தாளை மட்டும் கிழிக்கவில்லை.

அந்த வாரம் பேப்பர்க்காரம்மா வந்தார். பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிற வேலை. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துத் தப்பைச் சுழிக்கிறவர். நான்கு மாதமாகச் சிகிச்சையில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் மருந்து ஏற்றும் முன் ரத்தம் பார்த்தாக வேண்டும். தலையில் துணி கட்டியிருப்பார், கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும். மருந்து ஏறி ஏறி அவருடைய நரம்புகள் காய்ந்த கொடிபோலாகிவிட்டிருந்தன. அப்படியும் ஜன்னலோர நாற்காலியில்தான் உட்காருவார்.

அவள் பட்டையைக் கட்டினாள். கையைப் பார்த்தாள். ஊசியை எடுக்கத் திரும்பினாள்.

"இப்ப என்ன சொன்னீங்க?" என்றார் பேப்பர்க்காரம்மா.

"ஒண்ணும் சொல்லலையேம்மா."

"சொன்னீங்க. 'இதுவும் போச்சு'ன்னு சொன்னீங்க."

அவளுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. "மனசுக்குள்ள நெனச்சேன்னு..."

"வாய் விட்டுத்தான் சொன்னீங்க. போன வாரமும் சொன்னீங்க. நான் என்ன கேக்குறேன்னா, ஊசிய இன்னும் நீங்க கையில எடுக்கவே இல்ல. அதுக்குள்ள எப்படி போச்சு?" அவர் குரலில் கனிவொன்றும் இல்லை; எரிச்சல்தான் இருந்தது. "நடக்காத விஷயத்த நடந்ததா எழுதினா நான் கோடு போட்டு அடிச்சிடுவேன். அது கருத்து இல்லம்மா, பிழை."

அவள் ஊசியைக் கையில் எடுத்தாள். இரண்டாவது முயற்சியில் ரத்தம் வந்தது. பேப்பர்க்காரம்மா பஞ்சை அழுத்திக்கொண்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்று சீட்டைப் பார்த்தபடியே வெளியே போனார். அவர் தான் சொன்னதை அந்த வாசலிலேயே மறந்திருக்கக்கூடும்.

ஆனால் அவள் மறக்கவில்லை. அன்று மீதி நேரம் முழுக்கத் தன் வாயையே ஒட்டுக்கேட்டாள். கேட்கக் கேட்க வியப்பாக இருந்தது. டோக்கன் மாறினால், 'வந்துடுச்சு கஷ்டம்.' தடித்த கையைக் கண்டால், 'கிடைக்காது.' மெலிந்த கையைக் கண்டால், 'நழுவிடும்.' நல்ல கையைக் கண்டால்கூட, 'இதுலயும் தவறினா மானம் போயிடும்.' ஒரு மணி வரைக்கும் இருபத்திமூன்று தடவை. நாளெல்லாம் பக்கத்தில் நின்று ஒருவர் இப்படிக் காதில் ஓதிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கை நடுங்காது? ஓதியது அவளேதான்.

அந்த வாக்கியங்களை மாற்ற வேண்டும் என்று புரிந்தது. எதைக்கொண்டு என்பதுதான் தெரியவில்லை. முதலில், 'கண்டிப்பா கிடைக்கும்' என்று சொல்லிப் பார்த்தாள். அது வாக்குக் கொடுப்பதுபோல இருந்தது. தவறினால் தன்னிடமே பொய் சொன்னவளாவாள்; அந்தப் பயத்தில் கை இன்னும் இறுகியது. 'நல்லதே நடக்கும்' என்று சொன்னாள். யாருக்கு, எதில் என்றே இல்லாமல் அது காற்றில் நின்றது. கண்ணாடியில் ஒட்டிய தாளின் தம்பிகள்தான் எல்லாமே.

வியாழக்கிழமை ஒரு பாட்டுவாத்தியார் வந்தார். சதைப்பற்றான கை, மேலே ஒன்றுமே தெரியவில்லை. 'கிடைக்காது' என்று வாய் தொடங்கியது. அதைப் பாதியில் பிடித்துவிட்டாள். பிடித்தபின் அதன் இடத்தில் வைக்க எதுவும் அகப்படாமல், கண்ணெதிரே இருப்பதைச் சொன்னாள். 'இருக்கு.' இந்த மனிதர் உயிரோடு உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். இந்தக் கைக்கு ரத்தம் போகிறது, வருகிறது. நரம்பு இருக்கிறது. இதில் ஆசையும் இல்லை, ஆறுதலும் இல்லை, நடந்துகொண்டிருக்கிற விஷயம்.

'இருக்கு. தேடணும்.'

உள்ளேயிருந்த குரலுக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விரலை வைத்தாள். வழக்கமாக ஐந்து வினாடி தேடுகிற இடத்தில் அரை நிமிடம் தேடினாள். ஆழத்தில், நீர் நிறைந்த ரப்பர்க் குழாயைத் தொடுவதுபோல ஒன்று லேசாகத் துள்ளியது. எடுத்துவிட்டாள்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. இவ்வளவு நாளும் அவள் சரியாகத் தேடவே இல்லை. எப்படியும் கிடைக்காது என்று முடிவு கட்டிவிட்டதால், அவமானம் சீக்கிரம் வந்து தொலையட்டும் என்று அவசர அவசரமாகக் குத்தியிருக்கிறாள். கை கெட்டுப்போகவில்லை. கைக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தைத்தான் நினைப்பு தின்றுவிட்டது.

ஒரு வியாழக்கிழமையில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வெள்ளிக்கிழமையே பழைய வாக்கியங்கள் வரிசைகட்டி வந்தன. வந்த ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்தி, அதில் எது நடந்தது, எது நடக்காதது என்று பார்த்து, நடக்காததை எடுத்துவிட்டு நடப்பதை வைத்தாள். அலுப்பூட்டுகிற வேலை. தரையில் சிந்திய கடுகைப் பொறுக்குவதுபோல. முதல் வாரம் ஒரு நாளில் இருபது முப்பது தடவை செய்ய வேண்டியிருந்தது. சில நாள் மறந்தே போனாள். ஒரு நாள், செய்து என்ன பயன் என்று சலித்துக்கொண்டபோது, அதுவும் அந்த ஜாதி வாக்கியம்தான் என்று புரிந்து தனியாகச் சிரித்தாள். மீசை திரும்பிப் பார்த்தான்.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மகள், "இந்தக் கணக்கு எனக்கு வரவே வராதும்மா" என்றபோது அவள் யோசிக்காமல் சொன்னாள்:

"விடை இருக்கு. தேடு."

"இருக்குன்னு எனக்கும் தெரியும்மா. கடைசிப் பக்கத்துலயே போட்டிருக்கான். வழிதான் தெரியல."

"அப்ப பாதி தெரிஞ்சுடுச்சுல்ல."

மகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அப்பாகூட சேர்ந்து நீயும் இப்படி ஆயிட்டியா" என்று முனகிவிட்டு, ஆனாலும் புத்தகத்தைத் திருப்பினாள்.

மூன்றாவது வாரம் குழந்தைகளை மீசையிடம் தள்ளுவதை நிறுத்தினாள். முதலில் பத்து வயதுக்காரன், பிறகு ஏழு, பிறகு நான்கு. ஒன்றேகால் வயது இன்னும் வரவில்லை. வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் 'பார்க்கலாம்' முழு தைரியத்தோடு சொன்னதல்ல.

வந்தது அதைவிடச் சின்னது. மீசை லீவில் இருந்த ஒரு நாள், பதினொரு மணிவாக்கில் நாலாவது மாடியிலிருந்து போன் வந்தது. பிறந்து இரண்டே நாளான குழந்தை, மஞ்சள்காமாலை, உடனே ரத்தம் பார்க்க வேண்டும். அங்கிருந்த நர்ஸ் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டாள். அன்று பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். முதல் மாடியில், 'வேற யாரையாவது கூப்பிடச் சொல்லியிருக்கலாம்' என்றது குரல். இரண்டாவது மாடியில், 'தெரியாதுன்னா முதல்லயே சொல்லிருக்கலாமே' என்றது. அந்த அம்மாவின் குரலிலேயே. அவள் அதை விரட்டப் பார்க்கவில்லை. சொல்லட்டும் என்று விட்டு, பக்கத்தில் தன் வாக்கியத்தையும் வைத்துக்கொண்டு ஏறினாள். இரண்டும் கூடவே நாலு மாடி வந்தன.

கண்ணாடிப் பெட்டிக்குள், நீல வெளிச்சத்துக்குக் கீழே, கண்ணில் கட்டுப் போட்டுக் குழந்தை படுத்திருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை அதன் கை அவளுடைய சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும்.

"நீங்கதானே ஒரேகுத்து?" என்றாள் நர்ஸ், நிம்மதியோடு.

"அப்படித்தான் சொல்றாங்க. எல்லா தடவையும் இல்ல." சொன்ன பிறகு அவளுக்கே மூச்சு சற்று இலகுவாயிற்று. "வெதுவெதுப்பா ஒரு துணி கிடைக்குமா? அந்த நீல லைட்ட ரெண்டு நிமிஷம் அணைச்சிடுங்க. ஒரு சின்ன டார்ச்சும் வேணும்."

"சீக்கிரம் அனுப்பச் சொன்னாங்க."

"தெரியும். ரெண்டே நிமிஷம்."

துணியைக் குழந்தையின் கையில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. அவசரம் தன் முழங்கையைத் தள்ளுவதும் தெரிந்தது. துணியை எடுத்து, டார்ச்சைக் குழந்தையின் உள்ளங்கைக்கு அடியில் கொண்டுபோனாள். அந்தக் கை ரோஜா நிறத்தில் ஒளிர்ந்தது. புறங்கையின் நடுவில், நூலைப் பிரித்ததுபோல ஒரு கறுப்புக் கோடு, ஓரிடத்தில் இரண்டாகக் கிளைத்திருந்தது.

'இருக்கு.'

இருப்பதிலேயே சின்ன ஊசி. கோட்டின் கிளைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழப் படுக்கைவாக்கில் நுழைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, அழலாமா என்று யோசித்தது. ஒரு சொட்டு வந்தது. நின்றது. அவள் ஊசியை அசைக்கவில்லை. குழந்தையின் முன்கையை மெல்ல அழுத்தி விட்டாள். இன்னொரு சொட்டு. பிறகு ஒன்று. விரல்நுனியளவுக் குழாயில் கோடு போட்டிருந்த இடம் வரை நிறைய நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடமும் அவள் எதையும் நினைக்கவில்லை, நல்லதையும் கெட்டதையும்.

"தேங்க்ஸ்க்கா" என்றாள் நர்ஸ்.

படியிறங்கும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். அழுகை வரும்போலிருந்தது, வரவில்லை. கீழே டோக்கனோடு பதினேழு பேர் தேங்கியிருந்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி வந்து உட்கார்ந்தார். கையைப் பார்த்தால் யாரும் ஆசைப்படுவார்கள்; நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்துக்கொண்டிருந்தது. ரத்தம் எடுக்கப் பழகவே படைத்ததுபோன்ற கை. அவள் பட்டையைக் கட்டி, ஊசியை வைத்தாள். நரம்பு பக்கவாட்டில் வழுக்கிவிட்டது. ஒரு சொட்டுகூட வரவில்லை.

"என்னாச்சும்மா?" என்றார் அவர்.

"தவறிடுச்சுங்க. நல்லா பிடிச்சுக்காம குத்திட்டேன், என் தப்புதான். அந்தக் கைய குடுங்க."

அவர் மறுகையை நீட்டினார். "எனக்கென்ன, ரெண்டு கை இருக்கு" என்றார்.

இந்தத் தடவை தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் மளமளவென்று வந்தது. பஞ்சை வைத்து, கையை மடக்கச் சொல்லிவிட்டு, அடுத்த டோக்கனை அழுத்தினாள்.

அன்றிரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவர், "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் ஒன்றரை மாதமாகத் தினமும் கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்டுவந்தார். லிஃப்ட்டைச் சரிபார்க்க வந்த ஆள் அதைத் திறந்துபோட்டுவிட்டு, உதிரிபாகம் வாங்கப் போனவன் இன்னும் திரும்பாத கதையை அவள் சொன்னாள். மீசை மறுபடியும் மீசை வளர்க்கிறான் என்றாள். பாதி வளர்ந்த நிலையில் பார்க்கச் சகிக்கவில்லை, யாரும் அவனிடம் சொல்லத் துணியவில்லை என்றாள். மகள் கணக்கில் அறுபத்தெட்டு வாங்கியிருந்தாள். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

மூட்டை தூக்குகிறவரிடம் தவறிய விஷயம் அவளுக்கு மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. அட, சொல்ல மறந்துவிட்டோமே என்று நினைத்தாள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிடம் இருந்தது.